எண்ணறிஞர் பிஷரும் ஏற்காத சான்றும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறிச் செல்வோர் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். ஒரு வளைவில் வெயில் காயும். அடுத்த வளைவில் கைக்கெட்டும் தூரத்து மரமும் தெரியாதபடி முகில் வந்து மூடும். காற்று ஓயாது அறைகின்ற முகட்டிலே மரங்கள் குறுகிக் கூனி நிற்கும். சற்றே இறங்கி ஒதுக்கான பள்ளத்துட் புகுந்தால் மரங்கள் நெடிது ஓங்கி நிற்கும். மண்ணும் மழையும் காற்றும் அடிக்கு அடி மாறுகின்ற இத்தகைய மலையில், ஒரு சரிவுக்கு உரமிட்டு மறு சரிவுக்கு இடாது விட்டு, உரமிட்ட சரிவு கூடுதலாகக் கொழுந்து தந்தது என்று தோட்டத்துரை ஒருவர் சொன்னால் அதனை நாம் எங்ஙனம் நம்புவது? கூடுதல் கொழுந்து உரத்தின் பயனோ, சரிவின் பயனோ, யார் அறிவார்?

இவ்வினா உழவர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு மருந்தை உண்ட நோயாளர் பிழைத்தனர், உண்ணாதவர் இறந்தனர் என்று வைத்தியர் ஒருவர் கூறும்போதும் இதே வினா எழுகின்றது. பிழைத்தது மருந்தினாலா, அன்றி மருந்து பெற்றவர்கள் இயல்பிலேயே வலியராய் இருந்தமையாலா? உழவர்க்கும் வைத்தியர்க்கும் பொதுவான இவ்வினாவுக்கு விடை வகுத்துத் தந்தவர் ரொனால்ட் எயில்மர் பிஷர் என்னும் ஆங்கிலேயர். இன்று புற்றுநோய்க்கு வழங்கப்பெறும் மருந்துகளுட் பெரும்பாலான அவர் வகுத்த நெறியிற் சோதிக்கப்பட்டவையே. அந்நெறியின் ஆசிரியர் புற்றுநோய் பற்றிய ஒரு பெரும் உண்மையைத் தம் இறுதிக்காலம் வரை ஏற்க மறுத்தார் என்பது அவர் வரலாற்றின் மற்றொரு பக்கம்.

பிஷர் 1890 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆந் திகதி இலண்டன் மாநகரின் கிழக்கு பிஞ்ச்லி என்னும் பகுதியிற் பிறந்தார். இரட்டையரில் ஒருவராய்ப் பிறந்தவர். உடன் வந்த குழந்தை உயிரின்றியே பிறந்தது. தந்தையார் கலைப்பொருள்களை ஏலமிட்டு விற்கும் செல்வ வணிகர். பிஷருக்குப் பதினான்கு வயதானபோது தாயார் இறந்தார். பின் ஈராண்டு கழியுமுன்னரே தந்தையாரின் வணிகமும் நொடித்தது. வளமனையில் வளர்ந்த சிறுவன் கல்லூரி உதவிப் பணத்தை நம்பிக் கற்க வேண்டியவனானான்.

அவருக்குக் கண்பார்வை மிகக் குறைவு. மின்விளக்கு வெளிச்சத்தில் எழுத்துப் படித்தல் ஆகாது என்று வைத்தியர்கள் விலக்கியிருந்தனர். ஆதலின் ஹரோ பள்ளியில் மாலை வேளைகளிற் கணக்குப் பயின்றபோது தாளும் எழுதுகோலும் இன்றிச் செவிவழியே பயின்றார். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனத்தே பதித்து, மனத்தே பெருக்கி, மனத்தே வகுத்த சிறுவர்களை இங்கே நினைத்துக்கொள்க. பிஷருக்கு இக்குறை ஒரு பேறாய் முடிந்தது. எண்களை வடிவங்களாக அகக்கண்ணிற் காணும் ஆற்றல் அவரிடத்தே வளர்ந்தது. பிற்காலத்தில் அவர் விடையை எழுதிவிடுவார்; விடைக்கு வந்த வழியை எழுதமாட்டார். வழி அவருக்கு வெளிப்படையாய் இருந்தது. ஏனையோர் அதனைத் தேடி ஆண்டுக்கணக்காக உழைத்தனர்.

1909 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலுள்ள கொன்வில் அன்ட் கீஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1912 இற் கணிதத்திற் பட்டம் பெற்றார். முதல் உலகப்போர் மூண்டபோது படையிற் சேர விழைந்தார்; கண் குறையினால் ஏற்கப்பட்டிலர். எனவே 1915 முதல் 1919 வரை பள்ளிக்கூடங்களிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். இப்பணி அவருக்கு உவந்ததுமன்று, அவர் அதிற் சிறந்தவருமல்லர். ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டு கழித்தவன் என்ற முறையில் இதனை நான் குறையாகக் கூறவில்லை. விடையை மட்டும் காண்பவர்க்கு வகுப்பறை ஏற்ற இடமன்று. 1917 இற் பதினேழே வயதான ஐலீன் என்னும் மங்கையை மணந்தார். இரு புதல்வரும் ஆறு புதல்வியரும் அவ்வில்லத்தில் வளர்ந்தனர்.

1919 ஆம் ஆண்டில் இரண்டு வாயில்கள் அவருக்குத் திறந்தன. ஒன்று, புள்ளிவிபரவியலின் பெரியாராக அந்நாளில் விளங்கிய கார்ல் பியர்சன் அழைத்த இலண்டன் ஆய்வுகூடம். மற்றையது றொதம்ஸ்டெட் என்னும் ஊரிலிருந்த பயிராராய்ச்சி நிலையம். பியர்சனோடு முன்னரே மனக்கசப்பு இருந்தது. ஆதலின் பிஷர் வயல்வெளியைத் தேர்ந்தார். 1843 இல் நிறுவப்பட்ட அந்நிலையத்தில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கோதுமை விளைச்சற் கணக்கும் மழைக்கணக்கும் ஏடு ஏடாகக் குவிந்து கிடந்தன. அவற்றைப் படித்துப் பொருள் காண்பதே அவருக்கு இடப்பட்ட பணி.

பழங்கணக்குகளை ஆராய்ந்த பிஷர் ஓர் உண்மையைக் கண்டார். எத்துணை நுட்பமான கணக்கும், பிழையாக அமைக்கப்பட்ட பரிசோதனையைப் பின்னர் வந்து திருத்த மாட்டாது. பரிசோதனையைத் தொடங்குமுன்னரே அதனைச் செவ்விதாக அமைத்தல் வேண்டும். நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரிக்க. அண்மையிலுள்ள பாத்திகளை ஒரு தொகுதியாக்குக. ஒவ்வொரு தொகுதியிலும் எப்பாத்திக்கு எவ்வுரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க. இதுவே எழுமாற்று முறை. உழவன் கண்ணுக்கு நல்லதாய்த் தோன்றும் பாத்தி, துரையின் விருப்பத்துக்கு உரிய பாத்தி என்னும் சார்புகள் எல்லாம் இதனால் ஒழிகின்றன. சோழர் காலத்து உத்தரமேரூரிலே குடத்துள் ஓலையிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து ஊர்வாரியத்தாரைத் தேர்ந்தனர் அல்லரோ? அங்கே நோக்கம் நடுவுநிலைமை. பிஷருக்கு நடுவுநிலைமையோடு மற்றொரு பயனும் கிடைத்தது. சீட்டுக் குலுக்கினால், தற்செயலாக எத்துணை வேறுபாடு தோன்றக்கூடும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம். அதனினும் மிக்க வேறுபாடு தோன்றுமாயின் அஃது உரத்தின் பயன் எனத் துணியலாம்.

இம்முறை இலங்கைக்கு வந்த வரலாறு நம்மவர் பலர் அறியாதது. றொதம்ஸ்டெட்டில் பிஷரோடு சேர்ந்து 1927 இலும் 1929 இலும் ஆய்வுக்கட்டுரைகள் எழுதியவர் தோமஸ் ஈடன் என்பவர். அவர் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து பணியாற்றினார். தேயிலை வயற்பரிசோதனைகளில் எத்துணைப் பிழை நேரக்கூடும் என்பதை அளந்து 1931 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பிஷரின் நெறியை மலைநாட்டுச் செடிகளின்மேல் வைத்துப் பார்த்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. கொழுந்து கொய்த பெண்களும் நிறுத்த கணக்கப்பிள்ளைகளும், தம் கூடைகளின் நிறை உலகப் புகழ்பெற்ற ஒரு கணித முறைக்குச் சான்றாகச் செல்கின்றது என்று அறிந்திருக்கமாட்டார்கள்.

தேயிலைக்கும் பிஷருக்கும் வேறோர் உறவும் உண்டு. றொதம்ஸ்டெட்டில் முரியல் பிரிஸ்டல் என்னும் அம்மையார் பணிபுரிந்தார். பாலை முதலில் ஊற்றிப் பின் தேநீர் வார்த்ததா, தேநீர் முதலிலா என்பதைச் சுவைத்தே சொல்ல வல்லேன் என்றார் அவர். நகையாடி விடுக்கத்தக்க இவ்வுரையைப் பிஷர் விட்டாரல்லர். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வைக்கும் ஒழுங்கு குலுக்கல்முறை. எட்டிலிருந்து நான்கைத் தெரியும் வழிகள் எழுபது. ஆதலின் ஒன்றும் அறியாதவர் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லுவது எழுபதில் ஒரு வாய்ப்பே. 1935 இல் வெளிவந்த பரிசோதனை அமைப்புப் பற்றிய அவரது நூலில் இக்கதை வருகின்றது. அம்மையார் வென்றாரா தோற்றாரா என்று நூல் சொல்லவில்லை. நூலாசிரியருக்கு வேண்டியது வெற்றியன்று, சோதிக்கும் முறையே.

வயலிற் பிறந்த முறை வைத்தியசாலைக்குட் புகச் சில ஆண்டுகள் சென்றன. 1948 இல் இங்கிலாந்தில் காசநோயாளர் 107 பேரைக் குலுக்கல்முறையிற் பிரித்து, ஒரு சாரார்க்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், மறுசாரார்க்கு ஓய்வு மட்டுமே கொடுத்துச் சோதித்த முடிவு வெளியாயிற்று. அதன் கணக்கை அமைத்தவர் ஒஸ்டின் பிரட்போர்ட் ஹில். 1956 இற் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் இம்முறையைத் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தது. வீட்டிலிருந்தே மருந்துண்ணும் ஏழை நோயாளர், ஆரோக்கிய நிலையத்தில் நல்லுணவோடும் ஓய்வோடும் இருந்தவர்க்கு ஏறக்குறைய நிகராகவே குணமடைந்தனர் என்று 1959 இல் அந்நிலையத்தார் காட்டியபோது உலகத்து வைத்தியர் வியந்தனர். இடமின்றி வாயிலில் நின்ற ஆயிரக்கணக்கானோர்க்கு அம்முடிவே வழி திறந்தது.

இனி, பிஷர் விதைத்த மற்றொரு விதையைக் காண்போம். 1925 இல் அவர் எழுதிய புள்ளிவிபர முறைகள் பற்றிய நூல் ஆய்வாளர் கையில் இலக்கணநூல் போல வழங்கியது. அதன் 1932 ஆம் ஆண்டுப் பதிப்பிலே சிறியதொரு பகுதியைச் சேர்த்தார். பல பரிசோதனைகள் தனித்தனியே ஐயத்துக்கு இடமான விடைகளைத் தருகின்றன. அவற்றை ஒன்றாகக் கூட்டினால் துணிவான விடை கிடைக்குமா? கிடைக்கும் என்றார் பிஷர்; ஆனால் கூட்டும் முறையில் எச்சரிக்கை வேண்டும். மூன்று பரிசோதனைகள், ஒவ்வொன்றின் விடையும் தற்செயலாய் வரும் வாய்ப்புப் பத்தில் ஒன்று என்று கொள்வோம். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தில் ஒன்று என முடிவுகட்டுதல் பிழை. பிஷரின் முறைப்படி கணக்கிட்டால் அவ்வாய்ப்பு ஆயிரத்தில் ஏறக்குறைய முப்பத்திரண்டு. தனித்தனியே ஒன்றும் துணியலாகாத மூன்று சான்றுகள் சேர்ந்து ஓரளவு துணிவைத் தருகின்றன. பேராசைக்காரன் எண்ணிய அளவுக்கு அன்று.

பல ஆய்வுகளைச் சேர்த்தல் இவருக்கு முன்னும் இல்லாமற் போகவில்லை. 1904 இல் கார்ல் பியர்சன், இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் பணிசெய்த பிரித்தானியப் படையினர்க்குப் போடப்பட்ட நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியின் கணக்குகளைச் சேர்த்து ஆராய்ந்தார்; அவை ஒன்றோடொன்று ஒவ்வாமை கண்டு ஐயுற்றார். பிஷரோடு றொதம்ஸ்டெட்டிற் பணியாற்றிய பிராங்க் யேட்ஸும், அங்கே பின்னர் வந்துசேர்ந்த வில்லியம் கொக்ரனும் இக்கலையை மேலும் வளர்த்தனர். 1976 இல் ஜீன் கிளாஸ் என்னும் அமெரிக்கர் இதற்கு மெட்டா அனலிசிஸ் என்று பெயரிட்டார். தமிழில் தொகுப்பாய்வு எனலாம்.

தொகுப்பாய்வின் இயல்பை ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் எளிதில் உணர்வர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் உ. வே. சாமிநாதையரவர்களும் ஊர் ஊராக ஏடு தேடினர்; ஒரு பிரதியில் சிதைந்த இடத்தை மற்றொரு பிரதி கொண்டு நிரப்பினர். பிரதி மிகுந்தால் துணிவு மிகும். எனினும் பத்து ஏடுகள் பிழையுள்ள ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால் அவை பத்துச் சாட்சிகள் ஆகமாட்டா. ஒரு சாட்சி பத்து முறை பேசுவதேயாம். செல்லரித்து அழிந்த ஏடுகளில் என்ன பாடம் இருந்தது என்பதையும் எஞ்சிய ஏடுகள் சொல்லா. தொகுப்பாய்வின் வலிவும் மெலிவும் இவையே.

வலிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. மார்புப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற பெண்களுக்குத் தமொக்சிபென் என்னும் மாத்திரை பயன்படுமா என்பதைப் பல நாட்டார் தனித்தனியே சோதித்தனர். பல பரிசோதனைகள் சிறியன. சிலவற்றில் பயன் தோன்றியது, சிலவற்றில் ஐயமாய் நின்றது. ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் பீற்றோவும் அவரைச் சார்ந்தோரும் அப்பரிசோதனையாளர் அனைவரையும் ஒருங்கு சேர்த்து, அச்சிட்ட கட்டுரைகளை நம்பாது, ஒவ்வொரு பெண்ணின் பதிவையும் கேட்டு வாங்கிக் கணக்கிட்டனர். 1998 இல் வெளியான கணக்கில் 55 பரிசோதனைகளும் ஏறத்தாழ 37,000 பெண்களும் அடங்கினர். ஐந்தாண்டு மாத்திரை உண்டவர்களில் நோய் மீளுதல் ஏறக்குறையப் பாதியாயிற்று. இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எந்த ஒரு வைத்தியசாலையும் தனித்து இதனை இத்துணைத் தெளிவாகக் கண்டிருத்தல் அரிது. அதே கணக்கு மற்றொன்றையும் காட்டியது. புற்றுக்கலங்களில் ஈஸ்திரோஜன் ஏற்பி இல்லாத பெண்களுக்கு அம்மாத்திரையாற் பயன் இல்லையெனத் தக்க அளவே. எல்லாரையும் ஒன்றாகக் கலந்து ஒரு சராசரி மட்டும் கூறி நிறுத்தியிருந்தால், இப்பெண்கள் ஆண்டுக்கணக்காக வீண் மாத்திரை விழுங்கியிருப்பர்.

மெலிவுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. முற்றிய சூலகப் புற்றுநோய்க்கு ஒரு மருந்து கொடுப்பதா, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதா என்ற கேள்வியை 1986 இல் ஜோன் சைம்ஸ் என்னும் ஆய்வாளர் எடுத்துக்கொண்டார். அச்சில் வெளியான பரிசோதனைகளைக் கூட்டினார். கூட்டுமருந்து ஆயுளை நீட்டுகின்றது என விடை வந்தது. தொடங்கும்போதே பதிவேட்டிற் பதியப்பட்ட பரிசோதனைகளை, அச்சேறியவை அச்சேறாதவை என்று பாராது கூட்டினார். அவ்வேறுபாடு துணிவுகொள்ளத் தகாத அளவுக்குச் சுருங்கிற்று. பயன் காட்டாத பரிசோதனைகள் பல அச்சேறாமலே ஒதுங்கிக் கிடந்தமையே காரணம். செல்லரித்த ஏடு என்று மேலே சொன்னது இதனையே. கூட்டுமருந்தின் கடுமையான துன்பங்களைத் தாங்கிய பெண்கள் இதன் பொருளை நன்கு உணர்ந்திருப்பர்.

நம் நாட்டவர்க்கு நெருங்கிய செய்தி வாய்ப்புற்றுநோய் பற்றியது. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் வழக்கம் தோட்டப்புறங்களிலும் ஊர்களிலும் வேரூன்றியிருத்தலின், கன்னத்துள் வெண்திட்டாகத் தொடங்கிப் புற்றாக முடியும் இந்நோய் தென்னாசியாவில் மிகுதி. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களுக்குக் கதிர்ச்சிகிச்சை முதலியவற்றோடு இரசாயன மருந்தையும் சேர்க்கலாமா என்பதை ஆராயப் பிரான்சு நாட்டுப் பிஞோன் என்பவரும் குழுவினரும் 2000 ஆம் ஆண்டில் ஒரு பெருந்தொகுப்பு வெளியிட்டனர். 63 பரிசோதனைகள், 10,741 நோயாளர். விடை யாது? ஐந்தாண்டு முடிவில் உயிரோடிருப்போர் தொகை நூற்றுக்கு நான்கு கூடியது. நூறு பேர் மருந்தின் வாந்தியையும் வாய்ப்புண்ணையும் தாங்க, நால்வர் கூடுதலாக வாழ்வர். கதிர்ச்சிகிச்சை நடக்கும் அதே வேளையில் மருந்து கொடுத்தால் பயன் இன்னும் மிகுதி என்று தோன்றிற்று. ஆயினும் பரிசோதனைகள் ஒன்றோடொன்று மாறுபட்டமையால் அவர்கள் துணிந்து கூறத் தயங்கினர். 2009 இல் 93 பரிசோதனைகளும் 17,346 நோயாளரும் சேர்ந்த பின்னரே அத்தயக்கம் நீங்கியது. ஒருசேரக் கொடுக்கும் முறையில் பயன் நூற்றுக்கு ஆறரை என்றாயிற்று. வயது ஏற ஏறப் பயன் குறைகின்றது என்பதும், எழுபது கடந்தவர்க்கு அது தென்படவில்லை என்பதும் அப்போது தெளிவாயின.

இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மகரகமையிலோ அடையாற்றிலோ எழுபத்திரண்டு வயது முதியவரை அழைத்துவந்த மகன் என்ன முடிவு செய்வது? நூற்றுக்கு நான்கு என்பது ஓர் ஊருக்குச் சொல்லும் விடை. அவன் தந்தைக்குச் சொல்லும் விடையன்று. மேலும், குரல்வளையிலும் தொண்டையிலும் நாவிலும் தோன்றியவற்றை எல்லாம் ஒரு தலைப்பின்கீழ்க் கூட்டியதே அச்சராசரி. வெற்றிலையால் வந்த கன்னப்புற்றும் மேல்நாட்டு மதுவாலும் சிகரெட்டாலும் வந்த தொண்டைப்புற்றும் ஒரே இயல்பினவோ என்பது கேட்கத்தக்க கேள்வி. ரிவர்ஸ்டன் முகட்டின் விளைச்சலையும் பள்ளத்தின் விளைச்சலையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது எந்தத் தோட்டத்தின் விளைச்சலும் அன்று. ஆனால் கணக்கே வேண்டா என்பாரும் பிழைபட்டவரே. அக்கணக்கு இல்லையேல் நூறு பேருக்கும் மருந்தை வாரி வழங்குவோரும், நால்வரையும் கைவிடுவோரும் தத்தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டுவர்.

மீண்டும் பிஷரிடம் வருவோம். 1929 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1933 இற் பியர்சன் ஓய்வுபெற்றபோது அவர் வகித்த பதவி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி பிஷருக்கும் மற்றைப் பகுதி பியர்சனின் மகனுக்கும் கிடைத்தன. ஒரே கட்டடத்தில் வெவ்வேறு தளங்களில் இரு பகைப்புலங்கள் இயங்கின. மரபணுவியலிலும் பிஷர் பெரும் புகழ் பெற்றார்; 1930 இல் அவர் எழுதிய நூல், டார்வின் கொள்கையையும் மெண்டல் கொள்கையையும் கணிதத்தாற் பிணைத்தது. 1943 இற் கேம்பிரிட்ஜில் மரபணுவியற் பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே மூத்த மகன் ஜோர்ஜ் போர்விமானியாகச் சென்று மாண்டான். மனைவியோடு வாழ்ந்த வாழ்வும் அக்காலத்தே பிரிந்துபோயிற்று.

இந்தியாவுக்கு அவர் பலமுறை வந்தார். 1938 சனவரியிற் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளிவிபரவியல் மாநாட்டுக்கு அவரை வருவித்தவர் மகலனோபிஸ். 1931 இல் மகலனோபிஸ் நிறுவிய நிறுவனத்தோடு பிஷர் கொண்ட நட்பு இறுதிவரை நிலைத்தது. தம் நாட்டு அறிஞரோடு ஓயாது பொருதிய அவர், கல்கத்தாவில் இளைஞரோடு அளவளாவி மகிழ்ந்தார். பின்னாளில் உலகப் புகழ் எய்திய சி. ஆர். இராவ் கேம்பிரிட்ஜில் அவரிடமே ஆய்வு செய்து பட்டம் பெற்றவர்.

அவர் குணத்தை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. சினம் மிக்கவர், தம்மோடு மாறுபட்டவரை நெடுங்காலம் மன்னியார். மானிட இனத்தைத் தெரிந்து பெருக்கித் திருத்தலாம் என்னும் யூஜெனிக்ஸ் கொள்கையை இளமை முதல் உறுதியாகப் பற்றியிருந்தார். மனித இனங்கள் பற்றி ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனம் ஐம்பதுகளின் தொடக்கத்தில் அறிக்கை வெளியிட்டபோது, அறிவாற்றலில் இனங்களிடையே பிறவி வேறுபாடு உண்டு என்னும் கருத்தோடு அதனை எதிர்த்தார். கல்கத்தாவில் வங்காளியரையும் தெலுங்கரையும் சமமாய் வைத்துப் பேசி மகிழ்ந்தவர் இதனை எங்ஙனம் எழுதினார் என்பது எனக்கு விளங்கவில்லை.

1952 இல் அவருக்குச் சேர் பட்டம் வழங்கப்பட்டது. அவ்வேளை புகையிலைப் பூசல் தொடங்கியிருந்தது. 1950 இல் ரிச்சர்ட் டோலும் முன் சொன்ன பிரட்போர்ட் ஹில்லும் நுரையீரற் புற்றுநோயாளரையும் ஏனை நோயாளரையும் ஒப்பிட்டு, புகைத்தலே இந்நோய்க்கு ஒரு முக்கிய காரணம் என்று காட்டினர். ஐயம் தீர்க்க, பிரித்தானிய வைத்தியர்களின் புகைப்பழக்கத்தை எழுதிவாங்கி, அவர்கள் எந்நோயால் இறக்கின்றனர் என்று ஆண்டாண்டாக நோக்கினர். 1954 இலும் 1956 இலும் வந்த முடிவுகள் முன்னதை உறுதிசெய்தன. புகைத்தலை விட்டவர்க்கு ஆபத்துக் குறைவதும் தெரிந்தது. அமெரிக்காவிலும் வேறிடங்களிலும் இவ்வாறே கண்டனர்.

1957 இற் பிஷர் எதிர்த்தெழுந்தார். அவர் வாதத்தின் முதற்கூறு குற்றமற்றது. இவ்வாய்வுகளில் எவரும் சீட்டுக் குலுக்கி ஒருவனைப் புகைப்பவனாகவும் மற்றொருவனைப் புகையாதவனாகவும் ஆக்கவில்லை. புகைக்கத் தூண்டுவதும் புற்றுநோயை விளைப்பதும் ஆகிய ஒரே பிறவிக்கூறு மறைந்திருந்தால், இரண்டும் சேர்ந்து காணப்படும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகாது. இத்தகைய ஆய்வுகள் நூறு சேர்ந்தாலும் அதே குறை நூறு மடங்காகும். ஒரே பிழை ஏட்டின் பத்துப் பிரதிகள் என்று நாம் சொன்னதுதான் இது. தம் கருத்துக்கு ஆதாரமாக, ஒருகரு இரட்டையர் புகைப்பழக்கத்தில் ஏனை இரட்டையரினும் ஒத்திருந்தனர் என்னும் கணக்குகளைத் தேடி எடுத்தார். பிறக்கும்போதே தம் இணையை இழந்தவர் இரட்டையரைச் சான்றுக்கு அழைத்தார். முதல் ஆய்விற் புற்றுநோயாளர், புகையை உள்ளிழுப்போம் என்று ஏனையோரினும் மிகுதியாகக் கூறவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார்.

ஆயினும் அவர் ஒரு தட்டை மட்டுமே நிறுத்தார். புகைத்தல் மிக மிக நோய் மிகுவதும், விட்டால் குறைவதும், சிகரெட் விற்பனை பெருகிய நாடுகளில் சில பத்தாண்டுகளின் பின் நோய் பெருகியதும் மறுதட்டில் இருந்தன. 1959 இல் ஜெரோம் கோர்ன்பீல்ட் என்பவரும் பிறரும் எண்ணாலேயே அவருக்கு விடை கூறினர். சிகரெட் புகைப்போர்க்கு நோய் வாய்ப்பு ஒன்பது மடங்கெனின், மறைந்துள்ள அப்பிறவிக்கூறும் புகைப்போரிடத்தே குறைந்தது ஒன்பது மடங்கு மிகுதியாய்க் காணப்படல் வேண்டும். அத்தகைய கூறு ஒன்றையும் எவரும் கண்டிலர். வயலில் எத்துணைச் சிறிய வேறுபாட்டையும் அளந்து பார்த்த பெரியார், இங்கே தம் எடுகோளின் அளவை அளந்து பாராது விட்டார். அவர் புகைக்குழாய்ப் பிரியர். புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். பணத்துக்காகப் பேசினார் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பிறர் அறிவுரை கூறிக் கட்டளையிடுவதை வெறுக்கும் இயல்பும், எதனையும் பிறப்பில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் அவரை ஈர்த்திருக்கலாம். 1959 இல் தம் கட்டுரைகளைச் சிறு நூலாகத் தொகுத்தும் வெளியிட்டார். அவர் பெயரைக் கேடயமாகப் பிடித்தவர்கள் பலர். அவர் பேச்சைக் கேட்டுப் புகைத்தலை விடாதிருந்தவர் எத்துணையர் என்பதற்குக் கணக்கில்லை.

அவ்வாண்டிலேயே அவுஸ்திரேலியாவின் அடெலெய்ட் நகருக்குச் சென்று, அங்கே ஆய்வாளரோடு அமைதியாக வாழ்ந்தார். 1962 மார்ச்சில் இலண்டன் மருத்துவர் கல்லூரி, புகைத்தல் நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை விடுத்தது. நான்கு மாதங் கழித்து, குடற்புற்றுநோய்க்காகச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின்பின், சூலை 29 ஆந் திகதி பிஷர் காலமானார். அவர் சாம்பர் அடெலெய்ட் நகரின் புனித பேதுரு பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

கேம்பிரிட்ஜில் அவர் பயின்ற கல்லூரியின் உணவுமண்டபத்தில் 1989 இல் அவர் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் பதித்தனர். ஏழு நிறங்கள் ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் ஒவ்வொரு முறையே வருமாறு அமைந்தது அது. மண் வேறுபாட்டை இருதிசையிலும் ஒழிக்கப் பிஷர் வயலிற் பாத்தி வகுத்த இலத்தீன் சதுரம். 2020 ஆம் ஆண்டில், அவருடைய யூஜெனிக்ஸ் கொள்கையைக் காரணம் காட்டிக் கல்லூரியார் அதனைக் கழற்றினர். அவர் வகுத்த எழுமாற்று நெறியின்படியே தேயிலை நிரைகளுக்கும் புற்றுநோயாளர்க்கும் இன்றும் பரிசோதனைகள் வகுக்கப்படுகின்றன.